கதவில் காட்டிய கோபம்

எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை போட மாட்டோம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் வீட்டுக்காரரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இதைக் கேட்டால் தங்கமான பெண்மணி என்று நினைத்துக்கொள்வீர்கள். உண்மை என்னவென்றால், என் கோபத்தையெல்லாம் கதவில் காட்டிக்கொண்டிருந்தேன். வாயில் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அறைக் கதவைப் படாரென்று சாத்துவேன். மனசு கொஞ்சம் ஆறும். இத்தனைக்கும் நான் டீச்சர். பள்ளிக்கூடத்தில் நான் போடுகிற சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்கும். வீட்டுப் படி ஏறினால் மட்டும் வாய் கட்டிக்கொள்ளும்.

போன வருஷம் படுக்கையறைக் கதவின் மேல் கீல் கழன்று தொங்கியது. நிலையைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. "கரையானாட்ட இருக்குது" என்றார் வீட்டுக்காரர். மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எது கெட்டாலும் மாற்றிவிட வேண்டும் அவருக்கு. வாசல் கதவு, பின்கதவு, உள்ளே நான்கு என்று ஆறையும் மாற்றுவதாக முடிவாயிற்று. கோட்டைமேட்டிலிருந்து தச்சுவேலை செய்யும் பாய் ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தவர், வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பியதும் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சரம்மா, கரையானெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மரம் கல்லாட்ட இருக்குது. இது அடிச்சு அடிச்சுப் போனதுங்க."

"அப்படீங்களா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். அவரும் அதற்கு மேல் கிண்டவில்லை.

முதலில் உள்கதவுகள் நான்கையும் கழற்றி, நிலைகளைச் சுற்றிப் புதிதாகப் பூசினார்கள். பூச்சு காய ஐந்து நாள் ஆகும் என்றார் பாய். அதுவரைக்கும் சோமனூர்ப் போர்வைகளைக் கம்பியில் மாட்டித் திரையாகத் தொங்கவிட்டோம். வீட்டுக்குள் குளியலறைக் கதவு மட்டும் மிச்சம். அது பிளாஸ்டிக். எவ்வளவு வேகமாக அடித்தாலும் டிபன் டப்பா மூடுகிற சத்தம்தான் வரும்.

அந்த ஐந்து நாளுக்குள் பார்த்து எனக்குப் பதவி உயர்வு ஆணை வந்தது. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வர முடியும். சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒன்று வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தேன். இந்த முறையும் விட்டால் அவ்வளவுதான், இனி வராது. எனக்குப் போக வேண்டும். ரொம்ப ஆசையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லாமல் ஆணையை மட்டும் நீட்டினேன். படித்துவிட்டு "ம்" என்றார்.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து அவருடைய அக்காவிடம் போனில் பேசினார். கதவு இருந்திருந்தால் சமையலறையில் இருந்த என் காதில் விழுந்திருக்காது.

"அவ எங்கக்கா போறா? ஊட்ட உட்டுப் போற நெனப்பே அவளுக்கு இல்ல."

எனக்கு வந்ததே ஆத்திரம். விறுவிறுவென்று அறைக்குள் போய்க் கையை வீசினேன். அடிக்க ஒன்றும் இல்லை. போர்வையைப் பிடித்து இழுத்தேன். அது கம்பியோடு என் தலையில் விழுந்தது. நான் அதிலிருந்து வெளியே வருவதற்குள் அவர் ஓடிவந்துவிட்டார்.

"என்னாச்சு கண்ணு?"

"நான் போறனா இல்லையான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" பள்ளிக்கூடக் குரல் வீட்டில் அன்றுதான் முதன்முதலாக வந்தது. "நான் கதவ அடிச்சு அடிச்சுச் செவுரே பேந்து போச்சு. உங்களுக்கு ஒறைக்கவே இல்லீங்களா?"

அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கதவ அடிச்சது நீயா?"

"பின்ன?"

"நான் காத்துன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு."

ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் கதவடிப்பது உண்மைதான். அதற்காக மார்கழியிலுமா? நான் கதவை அடித்தபோதெல்லாம் மனிதர் எழுந்து போய் மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். என்னைச் சட்டை செய்யவில்லையே என்று நான் இன்னொரு கதவை அடிப்பேன். அவர் இன்னொரு ஜன்னலைச் சாத்துவார். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது. போர்வையும் கையுமாக நின்று, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தார்.

"அப்ப, ஆறு வருசத்துக்கு முன்னாடி அந்த ஆர்டர் வந்தப்ப அடிச்சுது?"

"அதுவும் நாந்தானுங்க. அன்னைக்கும் போகணும்னு ஆசைதான்."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "ஊடுதான் முக்கியம்னு நீயே வேண்டாம்னுட்டேன்னு, இத்தன வருசமா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்" என்றார்.

பிறகு எழுந்து போய் ஆணையையும் பேனாவையும் எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "மொதல்ல கையெழுத்தப் போடு. அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதி முடிக்கும் வரை அவர் பக்கத்திலேயே நின்றார்.