முதுகுக்கு உதவிய தகடு

கனடாவின் மொன்றியல் நகரின் நடுவே ஒரு பெரிய கடை. அதன் வாசற் காவலாளி யாழ்ப்பாணத்துக்காரர். தடித்த மீசை, அதைவிடத் தடித்த கோட்டு. ஆளில்லாத நேரம் பார்த்து, சுவரிலிருந்த பித்தளைத் தகட்டின் மூலையில் முதுகு சொறிவார்.

"இது ஆருக்கு வைச்ச தகடு, அண்ணை?" என்று கேட்டேன்.

"அமெரிக்காவிலை அடிமையளை விடமாட்டன் எண்டு சண்டை பிடிச்சுத் தோத்த தலைவருக்கு. பேந்து இங்கை வந்து தங்கினவராம்."

"அகதியாவோ?"

"ஓம். நான் ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கேல்லை, ஓடி மட்டும் வந்தனான். என்னை நாலு வருசம் விசாரிச்சவை. அவருக்குத் தகடு அடிச்சவை."

பிறகு எதிர்ப்புக் கிளம்பி, தகட்டைக் கழற்றிவிட்டார்கள். "சந்தோசமோ அண்ணை?" என்றேன்.

வெறும் சுவரைப் பார்த்தார். "இனி எங்கை முதுகு சொறியிறது?"

அந்தத் தலைவரால் யாருக்காவது நன்மை விளைந்ததென்றால், அது அந்த முதுகுக்கு மட்டும்தான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.