பதினேழும் முப்பத்தொன்றும்

அந்த வருடம் முழுவதும் பனிமூட்டத்துக்குள் நடந்துகொண்டே இருந்ததாகத்தான் இப்போது தோன்றுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பழைய விதைத் தேயிலை இன்னும் நின்றது. கிளையை வெட்டி நட்ட தேயிலை என்றால் மலை முழுக்க ஒரே செடி நிற்பது மாதிரி. விதையில் முளைத்தவை அப்படியல்ல. ஒவ்வொன்றும் வேறு பிறவி. வறட்சி தாங்கும் செடி எதுவும் அங்கே இருக்குமா என்று அறிய, முதலில் அவை எவ்வளவு வேறுபட்டவை என்று எங்கள் ஆய்வுத் தலைவர் பார்க்க விரும்பினார்.

காலை பஸ்ஸில் பண்டாரவளை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிப்பேன். மலையில் ஏறும்போது பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் குரல்தான் முதலில் வரும். ஆட்கள் பிறகு மெல்லத் தெரிவார்கள். செடிக்கு ஓர் இலை கிள்ளி, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் போட்ட சிறு பைக்குள் வைத்து, இலக்கம் எழுதுவேன். ஓர் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். பக்கத்துச் செடியின் இலை உள்ளங்கை அளவு. ஒன்றின் துளிர் செம்பு நிறம். பார்க்கப் பார்க்க, கூட்டத்துக்குள் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போவதுபோல ஒரு மயக்கம் வரும்.

நாற்பது செடி. பதினேழாவதை மட்டும் தோட்டத்து அதிகாரியின் அனுமதியோடு தொழிலாளர் குடியிருந்து கைவிட்ட வரிசை வீடுகளான பழைய லயத்துக்குப் பின்னால் எடுத்தேன். மண்சரிவுப் பயத்தால் பல வருடங்களுக்கு முன்பே அங்கிருந்தவர்களைக் கீழே குடியேற்றிவிட்டார்கள். பறிப்பாரில்லாமல் அந்தச் செடி மரமாகியிருந்தது.

ஆய்வுகூடத்தில் இலைகளை அரைத்து மரபணுவைப் பிரித்தெடுத்தோம். இருட்டறையில் நீல ஒளியில் கோடுகள் மினுங்கின. ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு வரிசை. பதினேழுக்கும் முப்பத்தொன்றுக்கும் மட்டும் ஒரே வரிசை, ஒரு கோடுகூடப் பிசகாமல்.

"ஒரே இலையை ரெண்டு பையிலை போட்டிட்டீர் போல" என்றார் ஆய்வுத் தலைவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. மீதியிருந்த இலையில் மறுபடியும் செய்து பார்த்தேன். அதே கோடுகள். என் கையில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

அடுத்த வாரம் திரும்ப மலைக்குப் போனேன். முப்பத்தோராம் செடி கொழுந்து பறிக்கும் மலையின் நடுவே நின்றது. மட்டமாக வெட்டியிருந்ததால் மேலே எல்லாச் செடியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இம்முறை குனிந்து அடியைப் பார்த்தேன். சுற்றியிருந்த செடிகளின் அடி முண்டு முடிச்சாக, தொடைப் பருமனில் இருந்தது. இதன் அடி என் மணிக்கட்டு அளவுதான்.

அந்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, இந்தச் செடி பிறகு நட்டதோ?"

"ஏங்க மிஸ், ஏதும் தப்பா?"

"தப்பில்லை. பழைய லயத்துக்குப் பின்னால நிக்கிற செடியும் இதுவும் ஒண்டாக் காட்டுது. எப்படியெண்டுதான் விளங்கேல்ல."

அவள் கை செடிமேல் அப்படியே நின்றுவிட்டது.

"மெசின்ல அது தெரியுமாங்க?"

"தெரியும்."

பனி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து விலகிப் போனது. பிறகு சொன்னாள்.

"என் மூத்த புள்ள பொறந்து பதினோரு நாள்ல போயிருச்சுங்க. அந்தச் செடிக்கு அடியிலதான் பொதச்சோம். லயத்த விட்டு எறங்கச் சொன்னப்போ, திரும்ப அங்க போகக் கூடாதுன்னுட்டாங்க. அப்ப நான் தேயில நாத்து நர்சரியில வேல. அதுல ஒரு கெளைய வெட்டிட்டு வந்து, யாருக்கும் தெரியாம வேர் புடிக்க வச்சேன். இங்க ஒரு செடி பட்டுப்போய் எடம் கெடந்திச்சு. நட்டுட்டேன். பறிக்க வாறப்பல்லாம் பாக்கலாமேன்னு."

நான் குனிந்து அந்த மெல்லிய அடியைத் தொட்டேன்.

"அந்தப் பழைய செடி நல்லா இருக்குதாங்க, மிஸ்?" என்று கேட்டாள்.

"மரமா வளந்திட்டுது, அக்கா. முழுக்கப் பூ."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஆய்வுத் தலைவரிடம் சொன்னேன். அவர் அந்தக் கோடுகளை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு முப்பத்தொன்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் 'பதினேழின் கிளை' என்று மட்டும் எழுதினார். உம்மில் பிழையில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாலையில் எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றி வந்து வைத்தார்.

மழை ஓய்ந்த மாதத்தில், மறுபடியும் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பழைய லயத்துக்கு ஏறினேன். கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அறைகளுக்குள் புல். அவள் எதையும் கவனிக்காமல் நேரே பின்புறம் போனாள். மரம் அவளைவிட உயரமாக நின்றது. வெள்ளைப் பூக்களில் தேனீ இரைந்தது. குந்தி உட்கார்ந்து, மரத்தடியில் மண்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நான் தள்ளி நின்றேன்.

எழுந்தபோது அவள் விரல்கள் தம்பாட்டில் ஒரு தாழ்ந்த கிளையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிவிட்டன. கையிலிருந்த கொழுந்தைப் பார்த்துத் திகைத்தாள். பின் அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"போவோமாங்க மிஸ்? வெயில் ஏறிருச்சு" என்றாள்.