கிளி விரட்டப் போன கல்யாண டிவிடி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் புதிதாக ப்ளூரே பிளேயர் வாங்கினோம். பழைய டிவிடிகள் இனி ஓடாது என்று நானே முடிவு கட்டி, எல்லாவற்றையும் தொட்டியத்தில் இருக்கும் என் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். கொய்யாத் தோப்பில் தொங்கவிட்டால் கிளிகள் அண்டாதாம்.

மறுநாள் பிளேயரை டிவியோடு இணைக்க வந்தவர், "பழைய டிவிடியும் இதுல நல்லா ஓடும்மா" என்றார். எங்கள் கல்யாண டிவிடியும் அவற்றோடு சேர்ந்து போயிருந்தது. வேறு பிரதி கிடையாது.

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். கிளையிலிருந்து அதை அவிழ்த்த அண்ணன், "நடுவுல ஓட்டை இருந்துச்சோ, பொழச்சுது. இல்லன்னா ஆணிதான் அடிச்சிருப்பேன்" என்றார். கணவர் ஆபீசிலிருந்து வருவதற்குள் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். தெளிவாக ஓடியது.

இப்போதெல்லாம் புதிதாக எது வாங்கினாலும், பழையது அதில் ஓடுமா என்று கடையிலேயே கேட்டுவிடுகிறேன். கணவர் சேர்த்துவைத்த சண்டைப் படங்கள் மட்டும் இன்னும் தோப்பில்தான் தொங்குகின்றன. அவையும் ஓடும் என்பது, இதைப் படித்தால்தான் அவருக்குத் தெரியும்.