பாஞ்சாலையின் பாட்டு ரூமில் விதை மூட்டை

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்பீக்கர் துடைப்பது முருகையனின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவராக எடுத்துக்கொண்டது. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மெஷின் மேலும் தூசி இருந்தால் அவருக்குப் பொறுக்காது. முகச்சவரத்துக்கு வாங்கிய புது பிரஷ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். முதலில் மரப்பெட்டியின் தலை, பிறகு பக்கங்கள், கடைசியில் முன்பக்கத்து வலைத்துணி. அந்தத் துணிக்கு வரும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வார்.

"ஒயர தொடாதீங்க" என்று சமையலறையிலிருந்து பாஞ்சாலையின் குரல் வரும்.

"தொடல."

"தொட்டுட்டுதான் தொடலன்னு சொல்லுவீங்க."

பாஞ்சாலை அவர் மனைவி. கலெக்டர் ஆபீசில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் அவர்கள் கட்டிய வீடு அந்த ஆபீசுக்குப் பின்தெருவில்தான் இருந்தது. அவருடைய காது பட்ட பாடு கொஞ்சமில்லை. சேர்ந்த புதிதில் ஒரே ஹாலில் வரிசையாக டைப்ரைட்டர்கள். அவை போன பிறகு மனு கொடுக்க வருகிறவர்களின் கூச்சல். வீட்டுக்கு வந்தால் முருகையன். டெப்போவில் இன்ஜின் சத்தத்துக்குப் பாதிக் காதைக் கொடுத்துவிட்டவர், ரகசியம் பேசினாலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும். பாட்டு என்பது பாஞ்சாலைக்கு அடுப்பு மேடையில் செல்போனில் ஓடுவதாக இருந்தது. குக்கர் விசில்தான் பக்கவாத்தியம்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, உடன் வேலை பார்த்த சைலஜாவின் வீட்டுக்குப் போயிருந்தார். ரமணாசிரமத்துக்கு அந்தப் பக்கம் வீடு. மாடியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். அப்போது மாடியில் இருந்த டச்சுக்காரப் பெரியவர் தன் ஸ்டீரியோ செட்டில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தார். பாஞ்சாலை கேட்காத நாதஸ்வரமா? ஆனால் கூட்டமும் மணியும் இல்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. இழுத்த மூச்சு எங்கே தீர்கிறது என்பதும் கேட்டது. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சைலஜா கொடுத்த காபி கையில் ஆறிப்போனது.

அந்தப் பெரியவர் ஊருக்கே திரும்பிப் போகிறார் என்று தெரிந்ததும், பாஞ்சாலை போய்க் கேட்டு அவருடைய செட்டை வாங்கிக்கொண்டார். ஆம்ப்ளிபையரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார், கைக்குழந்தை மாதிரி. முன்னறையை அதற்கென்று ஒழித்தார். இரண்டு ஸ்பீக்கர், எதிரே ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மாலையில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்வார். பௌர்ணமியன்று மட்டும் அந்த அறையைத் திறக்கவே மாட்டார். கிரிவலக் கூட்டத்தால் வேலூர் ரோட்டில் பஸ்களின் ஹாரன் ஓயாது.

எல்லாம் இருந்தும் அந்தச் சத்தம் மட்டும் செட்டோடு வரவில்லை. டச்சுக்காரரின் மாடியில் உட்கார்ந்து வாசித்த வித்வான், இங்கே குளியலறைக்குள் நின்று வாசிப்பதுபோல் எதிரொலித்தார். தாளம் டைல்ஸ் தரையில் விழுந்து சிதறியது. பாஞ்சாலை ஸ்பீக்கரை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார், அடியில் கருங்கல் வைத்தார். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் இதுவே வேலையாகப் போனது.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் இரண்டு சாமான்கள் வந்தன. காலையில் முருகையனின் அண்ணன் அப்பாதுரை, கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளோடு வந்து இறங்கினார்.

"பழைய வூட்ட இடிச்சிட்டேன்மா. தளம் போட்டு முடியற வரைக்கும் விதை மல்லாட்டைய எங்க வெக்கறது? கொட்டாயில வெச்சா எலி தின்னுட்டுப் போவுது."

"வைங்க மாமா. அந்த முன் ரூம் மட்டும் வேணாம்."

"மத்த ரூமெல்லாம் சாமான் ரொம்பிக்கீது. இங்கதான் காலியா கீது. ஈரமும் இல்ல. விதைக்குன்னே கட்டன மாதிரி இருக்குது."

பலகை போட்டு, நாற்காலிக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் ஆறு ஆறு மூட்டையாக, ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டுப் போனார். பூச்சி வரும், மண் கொட்டும் என்று அன்று முழுவதும் பாஞ்சாலையின் முகம் சரியில்லை.

சாயங்காலம் கூரியரில், சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஆர்த்தி அனுப்பிய ஸ்பீக்கர் ஒயர் வந்தது. விரல் தடிமனில், பாம்பு மாதிரி வலைபோட்டது. பாஞ்சாலையே பழைய கம்பியைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, ஒரு இசைத்தட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

வித்வான் குளியலறையைவிட்டு வெளியே வந்துவிட்டார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், கொஞ்சம் பின்தள்ளி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தவிலின் ஒவ்வொரு அடியும் விழுந்த இடத்திலேயே நின்றது. கதவைத் திறந்த முருகையனைக் கை காட்டி அங்கேயே நிறுத்தினார் பாஞ்சாலை.

அன்றிரவே மகளுக்கு போன். "ஒயர்னா ஒயர் இதான்டி! இத்தன நாளா அந்த ரெண்டு ரூபா கம்பியில கேட்டு ஏமாந்துட்டேன்டி." சைலஜாவிடம் சொன்னார். அதைக் கேட்டு சைலஜாவின் கணவர் தண்டாயுதபாணி அதே ஒயரை வரவழைத்துப் போட்டுப் பார்த்து, வித்தியாசமே தெரியவில்லை என்றார். "உங்க செட்டுக்கு அந்த யோக்கியதை இல்லண்ணா" என்று பாஞ்சாலை சொன்னதில், ஒரு மாசம் அவர்கள் வீட்டிலிருந்து போன் வரவில்லை.

ஒயர் வந்த பிறகு இரண்டரை மாதம் பாஞ்சாலை நன்றாக இருந்தார். முழங்கால் வலியைப் பற்றிப் பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று முருகையன் சொன்னால்கூட, சண்டை போடாமல் சேர்த்தார்.

ஆடி பிறந்து மழை விழுந்ததும் அப்பாதுரை, வண்டிக்காரர் கோபியின் குட்டியானை லோடு வண்டியோடு வந்தார். விதையைக் கையால்தான் உடைக்க வேண்டும், மெஷினில் போட்டால் பருப்பு அடிபடும். அதனால் உடைக்க உடைக்க எடுத்துப்போகலாம் என்று, கதவோரத்து மூலையில் இருந்த ஆறு மூட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் பாஞ்சாலை கதவைச் சாத்தினார். ஒரு பாட்டு முடிவதற்குள் திறந்தார்.

"ஒயர தொட்டீங்களா?"

"இன்னாது?"

"ஒயர! தொட்டீங்களான்னு கேக்கறேன்! வலது பக்கம் தகர டப்பாவ தட்டற மாதிரி கேக்குது."

"நான் துடைச்சது வெள்ளிக்கெழம. நேத்து வரைக்கும் நல்லாதான இருந்துச்சி? நேத்து கேட்டப்ப தொடல, இன்னிக்கி மட்டும் தொட்டுட்டனா?"

பாஞ்சாலை வலது ஒயரை இடதிலும் இடது ஒயரை வலதிலும் மாற்றினார். ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினார். எதை மாற்றினாலும் அந்தப் பக்கம்தான் டப்பா. சலித்துப்போய் எழுந்தவர், நாற்காலிக்குப் பின்னால் வந்து, எதற்கோ கையைத் தட்டினார். சத்தம் காலி மூலையில் பட்டு கிணுகிணுவென்று திரும்பி வந்தது. மூட்டை இருந்த மூலைக்குப் போய்த் தட்டினார். டப். அவ்வளவுதான். மறுபடி அங்கே, மறுபடி இங்கே.

முருகையன் கதவில் நின்று பார்த்தார். "இன்னாமே, சாமி கீமி வந்திருக்குதா?"

பாஞ்சாலை கையைக் கீழே போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். முருகையனுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பு எதிர்வீட்டு நாயை எழுப்பிவிட்டது.

"அப்ப ஆர்த்தி அனுப்பன கம்பி?"

"கம்பி நல்ல கம்பிதான்."

"மூட்டை வேல செய்யுது, கம்பி பேர் வாங்குது. எங்க டெப்போல ஒரு மேனேஜர் இருந்தான் இந்த மாதிரி."

"ஆர்த்திகிட்ட சொல்லாதீங்க. தண்டாயுதபாணி அண்ணன்கிட்ட சத்தியமா சொல்லாதீங்க."

மறுநாள் இரண்டு பேருமாக, மீதி ஆறு மூட்டையில் மூன்றை எதிர் மூலைக்கு இழுத்துப்போனார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்து, உயரத்துக்காக இரண்டு மூலையிலும் பெஞ்சு போட்டு, அதன் மேல் மூன்று மூன்றாக அடுக்கி முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. பழையபடி முழுசாக வரவில்லை. ஆனால் வித்வான் நடுவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அது போதும் என்று இருந்தது பாஞ்சாலைக்கு. இந்த ஆறும் நின்றுவிட்டால் போதும்.

"உங்க அண்ணன்கிட்ட கேளுங்களேன்."

"நானா? விதைய வெச்சிக்கறேன்னு எந்த வாயால கேக்கறது? வேணும்னா நீயே கேளு."

அடுத்த வாரம் அப்பாதுரை வந்தார். கோபி வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு தார்ப்பாயை விரித்துக்கொண்டிருக்க, முருகையன் அவருக்குக் கை கொடுக்கப் போய்விட்டார். வேண்டுமென்றே போனார் என்று பாஞ்சாலைக்குத் தெரியும்.

அப்பாதுரை மூட்டைகளைப் பார்த்தார். "யாரும்மா எடம் மாத்தனது?"

"நாங்கதான். மாமா, இந்த ஆறு மூட்டையும் இங்கயே இருக்கட்டுமே. விதைய வெளிய வாங்கிப் போட்டா ஆவாதா?"

"ஏம்மா, பூச்சி வுழுந்துடுச்சா?" சாக்கின் வாயைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டார். அடியிலிருந்து நாலு காயை எடுத்து உடைத்து, பருப்பைக் கடித்துப் பார்த்தார். "நல்லாதான கீது."

பாஞ்சாலை வெட்கத்தை விட்டுக் கையைத் தட்டிக் காட்டினார், மூட்டைக்கு எதிரே ஒரு தடவை, வெறும் சுவருக்கு எதிரே ஒரு தடவை. அப்பாதுரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தானும் தட்டிப் பார்த்தார்.

"ஆமாம்மா. சத்தத்த அப்பிடியே முழுங்குதே!" இன்னொரு தடவை தட்டினார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நீ கேட்டு இல்லன்னு சொல்றதுக்கு எனக்கு மனசே வரல. ஆனா ரெண்டு மழை பேஞ்சிக்கீது. கொல்லைய ஏர் ஓட்டி வெச்சிட்டேன். ஈரம் இருக்கறப்பவே போட்டுடணும். வெளிய வாங்கறது மொளைக்குமோ மொளைக்காதோ, யாரு கண்டா? இது நானே உக்காந்து பொறுக்கனது."

இருபது வருஷம் மனு வாங்கிய கை பாஞ்சாலையுடையது. சில மனுவைப் பார்த்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், இது நிற்காது என்று. தன்னுடையது அந்த ரகம் என்று இப்போது தெரிந்தது.

"எடுத்துனு போங்க மாமா."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. ஏதோ கேட்டேன்."

அப்பாதுரை பிரித்த சாக்கின் வாயைக் கட்டினார். "ஒடச்சி முடிச்சா தோலு மூட்ட மூட்டயா கெடக்கும். அடுப்புல வெச்சி எரிக்கத்தான் போறேன். அத இதே சாக்குல ரொப்பிக் கொண்டாந்து அடுக்கட்டுமா?"

"தோலுக்கு இந்தக் கனம் வருமா மாமா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? மல்லாட்டை போடத்தான் தெரியும். பாட்டு ஒங்க டிபார்ட்மெண்டு."

பாஞ்சாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கொண்டாங்க. போட்டுப் பாப்போம். இப்ப தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கட்டுமா?"

"கேளும்மா. கோபி எங்க போயிடப் போறான்?"

பாஞ்சாலை தட்டைப் போட்டார். அப்பாதுரை கதவோரம் நின்றார். அறையில் இருப்பது ஒரே நாற்காலி. பாஞ்சாலை அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க மாமா. இங்க உக்காந்தாதான் கேக்கும்."

அப்பாதுரை நாற்காலியின் நுனியில், பஸ்சுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். நாதஸ்வரம் தோடி ராகத்தில் மெதுவாகத் தொடங்கியது. வித்வான் மூச்சு இழுத்தபோது, யாரோ அறைக்குள் வந்துவிட்டதுபோல் அப்பாதுரை திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. பிறகு ஸ்பீக்கர்களுக்கு நடுவே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக முதுகு பின்னால் சாய்ந்தது. துண்டு தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

பாஞ்சாலை சுவரில் சாய்ந்து நின்றார். பக்கவாட்டில் நின்றதால் அவருக்குப் பாதிதான் கேட்டது.

வாசலில் கோபி ஹாரன் அடித்தார். இன்னொரு தடவை, நீளமாக.

"மாமா, வண்டி நிக்குது. மூட்டைய தூக்கச் சொல்லட்டுமா?"

அப்பாதுரை கண்ணை எடுக்கவில்லை. வித்வான் இன்னும் மேல் ஸ்தாயிக்குப் போகவே ஆரம்பிக்கவில்லை. பாஞ்சாலை கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, கோபியை நிறுத்தி வைக்கப் படியிறங்கினார்.