தட்டத்தில் வந்த வெள்ளிக் கிண்ணம்

எந்தப் பாத்திரம் கைக்கு வந்தாலும் யோகராஜா கவிழ்த்துப் பார்ப்பார். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நகைக்கடை வைத்திருப்பவருக்கு அது தொழில் என்று சனம் நினைத்தது. தொழில் என்றால் கலியாண வீட்டுப் பாயசக் கிண்ணத்தையுமா கவிழ்ப்பார்கள்? பேசாதவன் கள்ளன், பேசுகிறவன் பெருங்கள்ளன் என்பது அவர் முடிவு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பாள் மனைவி தவநாயகி. எதைக் கண்டு அரண்டார் என்று மட்டும் அவள் சொன்னதில்லை.

மகள் பிரசாந்தினி தானே தேடிக்கொண்ட பையன் ஜதுசன். அவனிடம் குறை எதுவும் கிடைக்காததே யோகராஜாவுக்குப் பெரிய குறை. நிச்சயார்த்தத்துக்கு அவனும் பெற்றோரும் செவன் கிங்ஸில் இருந்த யோகராஜா வீட்டுக்குத் தட்டங்களோடு வந்தார்கள். தகப்பன் சண்முகராசா ஜெர்மனியில் சமையல்காரராக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்; பழைய வெள்ளிச் சாமான் என்றால் உயிர். தன்னிடம் இருந்ததிலேயே அருமையானதைக் கற்கண்டு நிரப்பி நடுத் தட்டத்தில் வைத்திருந்தார். வள்ளம் போல வளைந்து, ஒரு பக்கம் கைபிடி வைத்த ரஷ்யக் கிண்ணம். மடத்துத் துறவிகள் திருநாளில் தேன்பானம் குடித்தது அதில்தானாம்.

யோகராஜா கற்கண்டைத் தட்டத்தில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். அடியில் எழுத்து வெட்டியிருந்தது. போனை அதன்மேல் பிடித்து மொழிபெயர்ப்பைப் படித்தார். இறந்துபோன தாய் தகப்பன் நினைவாக ஒருவர் மடத்துக்குக் கொடுத்தது. நம்மவர் கோயில் விளக்கில் ‘உபயம்’ என்று பெயர் வெட்டுவதைப் போலத்தான். அப்படிப் பெயர் வெட்டிய சாமான் ஒரு வீட்டுக்கு எந்த வழியாக வரும் என்பதில் யோகராஜாவுக்குச் சந்தேகமே இல்லை. சிவன் சொத்து குல நாசம்.

“அண்ணை, இது கோயில் சாமான். உங்கட கைக்கு எப்பிடி வந்தது?”

“ஏலத்திலை வேண்டினனான். நூறு வருசத்துக்கு முந்தி அங்கத்தை அரசாங்கமே மடங்களிட்டைப் பறிச்சு வெளிநாட்டுக்கு வித்தது.”

“கள்ளச் சாமான் எல்லாத்துக்கும் ஒரு கதை இருக்கும்.”

சண்முகராசாவின் முகம் கறுத்தது. கிண்ணத்தை வாங்கிச் சால்வையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். “இந்த வீட்டிலை இனி எங்களுக்கு அலுவல் இல்லை,” என்று மனைவி ஜெயகௌரி மகனையும் எழுப்பினாள். ஜதுசன் பிரசாந்தினியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தகப்பனுக்குப் பின்னால் போனான்.

“தப்பினம்,” என்றார் யோகராஜா. பிரசாந்தினி அழுதாள்.

தவநாயகி சாமியறைக்குள் போய், சாமிக்குத் தண்ணீர் வைக்கும் வெள்ளிச் செம்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

“களவெடுக்கிறவன் முதல்லை பேரைத்தான் அரத்தாலை ராவுவான். அந்த மனுசன் பேரை அப்பிடியே விட்டு, சபை நடுவிலை கொண்டுவந்து வைச்சவர். இந்தச் செம்பிலை இருந்த பேர் எங்கை?”

சண்டைக் காலத்தில், ஊர்க் கோயில் பொருளாளராக இருந்தபோது, பத்திரமாக வைக்கிறேன் என்று யோகராஜா எடுத்து வந்த செம்பு அது. அரம் போட்ட இடம் வழவழவென்று மின்னியது.

பிரசாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்த்தாள். “அப்பா, இது எப்பிடி வந்தது?”

எல்லாரிடமும் அவர் கேட்ட கேள்வி. யோகராஜா தட்டத்தில் கிடந்த கற்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் செம்பை நிமிர்த்தி வைத்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, போனவர்களைத் தேடி வெளியே போனாள்.