ஆங்கிலத்துக்கு விடுமுறை விட்ட பேராசிரியை

போர் முடிந்து சில வருடங்கள் போயிருந்த ஒரு தை மாதம். கற்பிட்டிக்குப் போகும் வழியில் ஆலங்குடாக் கடற்கரையில் உல்லாச விடுதிகள் புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம், சிலாபத்துக்கு பஸ் ஏறிப்போய் வகுப்பில் படித்த ஆங்கிலம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்படி வளர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த விடுதியில் மூன்று மொழியும் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒளிப்பானேன்.

அந்தப் பருவத்தில் சுவிற்சர்லாந்திலிருந்து ஒரு பல்கலைக்கழகக் குழு எங்கள் விடுதிக்கு வந்து தங்கியது. டொல்பின்கள் கடலுக்கடியில் எழுப்பும் சத்தத்தைப் பதிவு செய்வதுதான் அவர்களுடைய வேலை. குழு என்றால் பெரிய படை இல்லை. தலைமை ஒரு பேராசிரியை, அவரோடு வேலை செய்யும் ஓர் ஆள், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, அவ்வளவுதான். எத்தாளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மீனவரின் பைபர் போட்டை அவர்கள் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர்களுக்கும் நானாவுக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் வேலையை முதலாளி என் தலையில் கட்டினார். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அவர்கள் மூவரும் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பேராசிரியை ஒரு மொழியில் கேட்கிறார். அந்த மனிதர் வேறொரு மொழியில் பதில் சொல்கிறார். மாணவி மூன்றாவது மொழி ஒன்றில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். ஒருவருக்கும் ஒருவருடைய மொழியும் பிடிக்கவில்லை போல என்று குசினிக்குள் போய்ச் சமையல்காரர்களிடம் சொன்னேன். குசினியில் ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். ஆனால் மேசையில் கோபமாக இருந்தவர் எவரும் இல்லை. இறால் கறியின் உறைப்போடுதான் மூவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் பேராசிரியையிடமே கேட்டேன். அவருக்கு பிரெஞ்சு, அந்த மனிதருக்கு ஜெர்மன், மாணவிக்கு இத்தாலியன். அவர்களுடைய ஆய்வுகூடத்தில் கூட்டம் நடந்தால் ஆளாளுக்குத் தன் மொழியில் பேசலாமாம். நிபந்தனை ஒன்றுதான். மற்றவர் மொழியைக் கேட்டு விளங்கிக்கொள்ளப் பழகியிருக்க வேண்டும். பேச வராவிட்டால் பாதகமில்லை. தங்கள் நாட்டு அரசாங்கக் கந்தோர்களிலும் இப்படி நடப்பதுண்டு என்றார்.

எல்லாவற்றையும் தேனும் பாலுமாகவும் அவர் சொல்லவில்லை. அங்கேயும் இப்போது எல்லாம் ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறதாம். ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். ஒரே மொழி என்றால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள் என்றார். "ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தெரிந்ததை நான் எழுதுவதில்லை. எழுதத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்" என்று சிரித்தார். அவரைப் போல இத்தனை படித்தவர் இதைச் சொன்னது எனக்கு அதிசயமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது புத்தளம் போகும் பஸ் இராணுவச் சோதனைச் சாவடியில் நின்றால் அம்மா என் தொடையில் கிள்ளுவார். தமிழில் வாய் திறக்காதே என்று அர்த்தம். அப்படி வளர்ந்தவளுக்கு இந்தச் சாப்பாட்டு மேசை வேறோர் உலகம்தானே.

சம்பவம் நடந்த அன்று விடுதிக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்திருந்ததால் நான் கடலுக்குப் போகவில்லை. ஜெர்மன் பேசும் மனிதரும் ஏதோ கருவி வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். போட்டில் போனது நானாவும் அந்த மாணவியும் மட்டும்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டியவர்கள் வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வாடைக்காற்று பலமாக எழும்பிவிட்டது. அந்தக் காற்று எங்கள் கரையில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். எஞ்சின் நின்ற போட் என்றால் நேரே வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். தேத்தண்ணீர் நேரமும் ஆனது. பேராசிரியை கரைக்கும் வரவேற்பு மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

முதலாளி கடற்படை முகாமுக்குத் தகவல் சொன்னார். ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சிங்களவர், நடுத்தர வயது, கையில் வோக்கி டோக்கி. அவர்களுடைய படகு கடலில் தயாராகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் போவது என்பதுதான் தெரியவில்லை. இருட்டுவதற்குள் தேடிப் பிடிக்க வேண்டும். பிழையான பக்கம் போய்த் திரும்பினால் வெளிச்சம் இருக்காது.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. நானாதான். எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறி இடங்காட்டும் கருவியும் செத்துப்போய்விட்டது, அவருடைய தொலைபேசியிலும் சார்ஜ் முடியப்போகிறது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். பேராசிரியை பதறிப்போய் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவ்வளவுதான், மறுமுனையில் நானா ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். "மேடம், போட் நோ குட், பிக் விண்ட், கேர்ள் ஓகே."

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளைக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும், எங்களுக்குள் பேசிக்கொள்வதைக்கூட ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைப்பு. அன்றும் அதுதான் நடந்தது. சிங்கள அதிகாரி நானாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். தமிழ் பேசும் நானா அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இரண்டு மொழியும் தெரிந்த நான் நடுவில் நின்றுகொண்டு, என் பங்குக்கு நானும் ஆங்கிலத்தில்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

போட் வடக்குப் பக்கமா என்று அதிகாரி கேட்டார். "யெஸ் சேர்" என்றார் நானா. அதிகாரி வோக்கி டோக்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். தெற்கா நானா என்று நானும் ஆங்கிலத்தில் கேட்டு வைத்தேன். அதற்கும் "யெஸ், யெஸ்." பெரிய ஆட்கள் கேட்டால் எங்கள் பக்கத்தில் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. விளங்காவிட்டாலும் ஓம் என்றுதான் வாயில் வரும். ஆங்கிலத்தில் அது யெஸ் சேர்.

அதைக் கவனித்தவர் பேராசிரியை மட்டும்தான். அதிகாரியின் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தினார். முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது. "இங்கே ஆங்கிலம் யாருக்கும் சொந்தமில்லை, எனக்கும் இல்லை. நான் நிற்பதால்தான் நீங்கள் இப்படிப் பேசுகிறீர்கள். நான் போகிறேன், நீங்கள் உங்கள் மொழியில் பேசுங்கள்" என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து, அலை வந்து காலைத் தொடும் இடத்தில் போய் நின்றுகொண்டார். நாங்கள் பேசுவது காதில் விழாத தூரம். முகத்தையும் எங்கள் பக்கம் திருப்பவில்லை.

அவர் கூட்டி வந்த பிள்ளை அங்கே கடலில் கிடக்கிறாள். ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்க வேண்டிய மனுஷி, தானாகவே காதை மூடிக்கொண்டு போகிறாரே என்று நினைத்துக்கொண்டே தொலைபேசியை வாயருகே பிடித்தேன்.

"நானா, இங்கிலிஷ வுடுங்க. மேடம் இங்க இல்ல. நம்மட பாஷையில சொல்லுங்க, எங்க ஈக்கிறீங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்பிடிக் கேளு தங்கச்சி. நொரச்சோலப் பொகக்கூடும் தெக்கால ஈக்கிற கடைசிக் காத்தாடியும் ஒரே கோட்டுல தெரியுது. மாதா கோயில் கோபுரம் தென்னைக்கு மேல ஒரு வெரலளவுதான். காத்து வெளிக்கு இழுக்குது, நங்கூரம் புடிக்கல்ல."

மின் நிலையத்துப் புகைக்கூடும் காற்றாலையும் கோடு சேர்ந்து, கோபுரம் ஒரு விரலளவு தெரிகிற இடம் கடலில் எங்கே இருக்கிறது என்று அந்தக் கடலில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும். நான் அதிகாரியின் பக்கம் திரும்பி, பெருமையோடு சிங்களத்தில் தொடங்கப் போனேன். அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்து, "தெமலென் கியன்ன. மட்ட தேரெனவா" என்றார். தமிழிலேயே சொல்லுங்கள், எனக்கு விளங்கும் என்கிறார்.

பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அதிகாரி சிங்களத்தில் கேட்டார், நானா தமிழில் பதில் சொன்னார். அலை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, போட்டில் தண்ணீர் எவ்வளவு, வேறு போட் ஏதும் கண்ணில் படுகிறதா என்று கேள்விகள் போயின, பதில்கள் வந்தன. ஒரு யெஸ் சேரும் இல்லை. ஒருமுறை நானா "இல்ல, இல்ல, அது பிழ மாத்தயா" என்று, சிங்களத்தில் ஐயா போட்டே அதிகாரியைத் திருத்தக்கூடச் செய்தார். மொழிபெயர்க்கவென்றே நின்ற எனக்கு அங்கே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதிகாரி வோக்கி டோக்கியில் சொல்லவும், சார்ஜ் முடிந்து நானாவின் குரல் அறவும் சரியாக இருந்தது. படகு தென்மேற்குப் பக்கம் போனது. முதலில் அவர் அனுப்ப இருந்தது வடக்கே.

நான் பேராசிரியையிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "பேசிக்கொண்டார்களா?" ஓம் என்று தலையாட்டினேன். மிச்சத்தையெல்லாம் அவர் கேட்காமலே சொன்னேன். சொல்லி முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சூரியன் கடலைத் தொடும் நேரம் கடற்படைப் படகு அவர்களைக் கட்டியிழுத்து வந்தது. மாணவியின் முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பேராசிரியை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் அவளைக் கட்டிக்கொண்டார். இருவரும் பேசியது எந்த மொழி என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே ஆளுக்கொன்றில் பேசியிருப்பார்கள்.

நானாவிடம், இவ்வளவு நேரம் அந்தப் பிள்ளையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். "புள்ள நல்லாப் பயந்திட்டு. சும்மா ஈக்க வுட்டா இன்னும் பயப்படும். தண்ணிய அள்ளி ஊத்தச் சொல்லிக் காட்டிட்டு, நான் பாட்டுக்கு ஏன்ட மகள்மாரப் பத்திக் கதச்சிக்கிட்டே ஈந்தேன். அதுவும் அதுட பாஷையில என்னமோ கதச்சிச்சி. உம்மாவப் பத்தித்தான் எண்டு வெளங்கிச்சி" என்றார். மாணவியிடமும் கேட்டேன். ஓம், அம்மாவைப் பற்றித்தான் சொன்னேன், அவருக்கும் பெண் பிள்ளைகள்தானே என்றாள்.

அதிகாரி ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார். இவ்வளவு தமிழ் விளங்கும்போது முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வடக்கில் வேலை செய்த காலத்தில் படித்தாராம். பேசினால் பிழை வரும், சிரிப்பார்கள் என்று கூச்சம். அதைவிட, இந்தச் சீருடையோடு தமிழில் பேசினால் ஆட்கள் ஏதோ துப்புத் துலக்க வந்தவன் என்று ஒதுங்கிப் போகிறார்கள் என்றார். எனக்கு அம்மாவின் கிள்ளு ஞாபகம் வந்தது. பயம் எங்கள் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவர்கள் நாடு திரும்புவதற்கு முன் ஒரு நாள் பேராசிரியையிடம் மனதில் கிடந்ததைக் கேட்டேன். அந்த நேரத்தில் விலகிப் போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவர் சொன்னார். "நான் நின்றவரை நீங்கள் எல்லோரும் எனக்கு விளங்க வேண்டும் என்றுதான் பேசினீர்கள். விளங்க வேண்டியவள் நான் இல்லையே. எங்கள் கூட்டங்களிலும் அப்படித்தான். சில வேளை தலைவர் வெளியே போனால்தான் பேச்சு நடக்கும்."

இப்போது நான் முழுநேர மொழிபெயர்ப்பாளர். புத்தளத்திலும் கொழும்பிலும் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் எங்கள் ஊர்ப் பெரியவர்களும், தங்களுக்கு விளங்காமல் இரண்டு பேர் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டால்கூட, என்ன சொல்கிறார்கள் என்று உடனே என் பக்கம் குனிவார்கள். நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் தன்னை நம்பி வந்த ஒரு பிள்ளையின் உயிர் ஊசலாடும்போது, தனக்கு ஒரு சொல்லும் விளங்காத பேச்சை நம்பி விலகி நிற்பதற்கு ஒருவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் படிப்பு எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.