ரோஸ்விதாவின் அறையில் எல்லோரும் வானிலை பார்த்த மாதம்

ரோஸ்விதாவை விரட்டிவிட்டார்கள் என்று மூன்றாம் மாடி ஃப்ராவ் லோட்ஷ் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பொய்க்குறிப்பு எழுதினாளாம், கையும் களவுமாகப் பிடிபட்டாளாம். பொய்க்குறிப்பு எழுதியது உண்மை. விரட்டியது பொய். நான் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன், ரோஸ்விதா க்ளெம் தானாக எழுந்துதான் போனாள். ஃப்ராவ் லோட்ஷ் அன்று பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் எதைப் பார்த்தாள்?

போன வாரம் லிஃப்டில் என்னிடமே தொடங்கினாள்.

"ஒளிக்க ஒண்ணும் இல்லாதவளுக்கு எதுக்கு அத்தனை மூடுமந்திரம்? நீங்களே சொல்லுங்க."

"உங்க குப்பையை ஏன் கறுப்புப் பையில கட்டிக் கொண்டு போறீங்க? அதுல என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றேன்.

"அது குப்பை!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

மூன்றாம் மாடியில் இறங்கிப் போனாள். அன்றிலிருந்து எனக்காக லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்துவதில்லை. பரவாயில்லை, எனக்கு அவசரமில்லை.

ரோஸ்விதாவைப் பற்றி ஒழுங்காகச் சொல்கிறேன். பெண்ணை ஃப்ராவ் என்றும் ஆணை ஹெர் என்றும் கூப்பிடுகிற ஜெர்மனியில், லைப்ஸிக் நகரத்தின் மேற்கோரத்தில் எங்கள் பதினோரு மாடிக் கட்டிடம். அதன் தரைத்தளத்தில் முன்பு சைக்கிள்கள் நின்ற அறையைச் சுத்தம் செய்து, வீட்டுச் சங்கம் நான்கு கணினிகளைப் போட்டது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் வந்து கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போகலாம். அதற்குப் பொறுப்பாக ரோஸ்விதாவை வைத்தார்கள். பஞ்சாலை மூடிய பிறகு அவள் பார்த்த ஐந்தாவது வேலை அது. காலை எட்டு மணிக்கு வருவாள். எட்டு மணி என்றால் எட்டு மணி. மேல்கோட்டைக் கழற்றி மாட்டுவாள், கெட்டிலில் தண்ணீர் வைப்பாள், பிறகு யாரிடமும் தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டாள். இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு அறுபத்திரண்டு வயது. முழு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அதற்குள் வேலையை விட்டால் கடைசிவரை குறைத்துத்தான் தருவார்கள். தனி மனுஷி, வேறு வருமானம் கிடையாது.

முதலில் அந்தப் பெட்டிகளில் எல்லோரும் பயன்படுத்துகிற பெரிய தேடுபொறிதான் இருந்தது. பொதுப் பெட்டி என்பதால் ஒரு வசதி. ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், அந்த எழுத்தில் தொடங்கி முன்னால் உட்கார்ந்தவர்கள் என்னென்ன கேட்டார்களோ அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். இந்த வசதியை முதலில் கண்டுபிடித்தது ஃப்ராவ் லோட்ஷ். செவ்வாய்தோறும் வருவாள். கேட்க ஒன்றும் இருக்காது. அகரவரிசையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, வருவதைப் படித்துக்கொண்டே போவாள். ஏழாம் மாடி ஹெர் டீட்ஸ முடி வளர என்ன தேய்க்கலாம் என்று கேட்டதைப் புதன்கிழமைக்குள் கட்டிடம் முழுக்கத் தெரிந்துகொண்டது. பாவம், மனுஷர் அதற்குப் பிறகு ஆகஸ்டு மாதத்திலும் தொப்பியோடுதான் கீழே வந்தார்.

அதோடு நின்றிருந்தால் ரோஸ்விதாவும் சும்மா இருந்திருப்பாள். ஒன்பதாம் மாடியில் அன்கெ என்று ஒரு சின்னப் பெண். விவாகரத்து ஆனால் வீட்டு ஒப்பந்தம் யார் பெயரில் நிற்கும் என்று கேட்டிருக்கிறாள். புருஷனிடம் அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அவனே அவளிடம் கேட்டான், வீடு யாருக்கு என்று. அவள் கையிலிருந்த கடிதங்கள் கீழே விழுந்தன. ரோஸ்விதா பொறுக்கிக் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை நான்கு பெட்டிகளிலும் வேறு தேடுபொறி இருந்தது. யார் கேட்டார், எங்கிருந்து கேட்டார், முன்பு என்ன கேட்டார் என்று எதையும் குறித்து வைக்காத தேடுபொறி. எழுந்து போனதும் பெட்டியும் மறந்துவிடும்படி மாற்றி வைத்திருந்தாள். ஃப்ராவ் லோட்ஷ் வந்து ஓர் எழுத்தைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த எழுத்தைத் தட்டினாள். இருபத்தாறு எழுத்தும் தட்டி முடித்துவிட்டு, "நல்லா ஓடிக்கிட்டிருந்த பெட்டியைக் கெடுத்துட்டாளே" என்றாள்.

குறை சொன்னவள் அவள் மட்டுமல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹெர் டீட்ஸ பல் வைத்தியர் தேடினார். ஹாம்பர்க் நகரத்து வைத்தியர்களாக வந்து நின்றார்கள்.

"ஒரு பல் பிடுங்க நான் ஹாம்பர்க் போகணுமா?"

"நம்ம ஊர்ப் பேரையும் சேர்த்து அடிங்க, ஹெர் டீட்ஸ."

"பழையதுக்கு நான் எங்க இருக்கேன்னு தெரியும்!"

"எனக்கும் தெரியும். இங்கதான் இருக்கீங்க."

"அது என் முழங்காலைப் பத்திக்கூட விசாரிச்சுது. ஒரு தடவை வலின்னு கேட்டேன், ரெண்டு மாசம் முழங்கால் பட்டையாக் காட்டிச்சு. அக்கறையான பெட்டி."

"பட்டை வாங்கினீங்களா?"

"மூணு."

நானே ஒருநாள் கேட்டேன், இது சரியாகத் தேடவில்லை என்கிறார்களே என்று. ரோஸ்விதா மறைக்கவில்லை.

"சில நேரம் மோசமாத்தான் தேடும்."

"அப்புறம் ஏன் வச்சிருக்கீங்க?"

"மோசமாத் தேடிட்டு மறந்துடும்."

எனக்கு எழுத்து தெரியாது. உங்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம் வந்தால் விரலால் தட்டிப் பார்த்துக்கொள்கிறீர்கள். நான் கேட்க வேண்டுமானால் ஒரு மனிதரைப் பிடித்து வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். மகனைக் கேட்டால் மருமகளுக்குத் தெரியும், மருமகளைக் கேட்டால் கனடாவரை தெரியும். எனவே முப்பது வருஷமாகச் சில கேள்விகளை நான் கேட்கவே இல்லை. ரோஸ்விதாவிடம் கேட்டேன். அவள் தட்டி, எனக்குப் புரிகிற எளிய சொற்களில் மெதுவாகப் படித்துச் சொல்லி, பெட்டியை மூடிவிடுவாள். மறுநாள் நடைபாதையில் பார்த்தால் நேற்று நாம் பேசியதே இல்லை என்பதுபோல் வணக்கம் சொல்வாள். என்ன கேட்டேன் என்று நீங்கள் கேட்காதீர்கள். சொல்லமாட்டேன்.

இப்படி இரண்டு வருஷம் போனது. பிறகு சங்கத்துக்குப் புது மேலாளராக ஹெர் பென்னெவிட்ஸ் வந்தார். முப்பது வயது இருக்கும், மரியாதையான பிள்ளை, எல்லோரிடமும் கைகொடுப்பார். ஒரு நிறுவனம் ஆறு புதுக் கணினிகளை இனாமாகத் தருகிறதாம். அதற்கு மாதாமாதம் அறிக்கை வேண்டுமாம்: எந்த வீட்டிலிருந்து வந்தார்கள், எதைத் தேடினார்கள்.

"உங்க தேடுபொறி ஒண்ணும் குறிச்சு வைக்க மாட்டேங்குதே, ஃப்ராவ் க்ளெம். பழையதையே போட்டுடலாம். வீட்டு எண்ணைக் கொடுத்து உள்ள வரட்டும். அறிக்கை தன்னால வந்துடும்."

"பழையது வேண்டாம்."

"அப்ப நீங்க கையால எழுதணும். நேரம், வீட்டு எண், நோக்கம். ஆளுக்கு ஒரே ஒரு சொல்."

ரோஸ்விதா மேசை இழுப்பறையிலிருந்து ஓர் ஏட்டை எடுத்தாள். "கையால எழுதறேன்" என்றாள்.

கட்டிடம் சிரித்தது. மறதிப் பெட்டியைக் காப்பாற்றுவதற்காகத் தானே குறிப்பேடு ஆகிவிட்டாள் என்று ஹெர் டீட்ஸகூடச் சொன்னார். எனக்கும் கோபம்தான். அன்று மூன்று மணிக் காப்பிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். முட்டைக் கேக் வெட்டி வைத்தாள், இந்த ஊர் மூன்றடுக்குக் கேக். ஒரு துண்டு தின்று முடித்துவிட்டுக் கேட்டேன்.

"இதுக்குப் பழைய தேடுபொறியையே போட்டுட்டுப் போயிருக்கலாமே. எழுத எப்படிச் சம்மதிச்சீங்க?"

"எழுதறது எனக்குப் புதுசு இல்ல" என்று தொடங்கினாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது, அந்தப் பழைய அரசாங்கத்தில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு வீட்டுப் புத்தகம் உண்டு. குடியிருப்பவர், வந்து தங்குகிறவர், எங்கிருந்து வந்தார், எத்தனை நாள், எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். பகுதிக் காவலர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அவர்கள் குடியிருப்பில் புத்தகம் ரோஸ்விதாவின் அப்பாவிடம் இருந்தது. அவர் உளவாளி அல்ல, டிராம் ஓட்டுநர். ஃப்ராவ் லோட்ஷ் இதையும் மாற்றிச் சொல்கிறாள், அதற்காகத்தான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு குளிர்காலத்தில் அவர் பனியில் வழுக்கி வலது கையை உடைத்துக்கொண்டார். பதினொரு வயது ரோஸ்விதா அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"அப்பா சொன்னதை மட்டும் எழுதியிருந்தா சரி" என்றாள். "நாலாம் மாடியில ஃப்ராவ் ஸீஷ, எங்க பள்ளிக்கூட டீச்சர். அவங்க தம்பி ஹனோவர்ல இருந்து வந்து ரெண்டு ராத்திரி தங்கினான். படியில என்னைப் பார்த்துச் சிரிச்சான். அப்பாவுக்குத் தெரியாது. டீச்சரும் சொல்லல. ஒரு வரி விட்டுப்போச்சேன்னு நானே எழுதி வச்சேன். பிழையே இல்லாம."

"அப்புறம்?"

"ஈஸ்டருக்கு அப்புறம் அவங்க பள்ளிக்கூடத்துல இல்ல. சலவைக்கூடத்துல வேலை. மேற்கிலிருந்து ஆள் வந்ததைச் சொல்லலயாம்."

"உங்களைத் திட்டினாங்களா?"

"இல்ல. படியில பார்த்தா 'வணக்கம் ரோஸி'ம்பாங்க. ஒன்பது வருஷம் சொன்னாங்க. இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

வைங்க என்றேன்.

மாதக் கடைசியில் ஹெர் பென்னெவிட்ஸ் ஏட்டை வாங்கிப் பார்த்தார். நான் அப்போது கணினி முன்னால் ரோஸ்விதாவுக்காகக் காத்திருந்தேன். முதல் பக்கம் புரட்டினார், இரண்டாம் பக்கம் புரட்டினார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"ஃப்ராவ் க்ளெம், முப்பத்தொரு பேர் வந்திருக்காங்க."

"ஆமா."

"முப்பத்தொரு பேரும் வானிலை பார்த்திருக்காங்க."

"இந்த மாசம் வானம் ஒரு நிலையில இல்ல."

"பதினேழாம் தேதி ஹெர் டீட்ஸ ரெண்டு மணி நேரம் வானிலை பார்த்தாரா?"

"அவர் நிதானமாப் படிப்பார்."

அந்தப் பிள்ளை சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனால் அவருக்கு மேலேயும் யாரோ இருப்பார்கள். "நான் இதை அனுப்ப முடியாது" என்றார். "திங்கட்கிழமை புதுப் பெட்டிகளோட ஆள் வர்றார். பெரிய தேடுபொறி, வீட்டு எண் எல்லாம் போட்டுக் கொடுத்துடுவார். நீங்க பொறுப்பாளர், உங்க கடவுச்சொல்லை மட்டும் அடிச்சுச் சம்மதிச்சாப் போதும். இந்த ஏட்டு விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லல. பதினாலு மாசம் அமைதியா இருந்துட்டுப் போங்க."

கேட்டீர்களா? விரட்டுகிறவன் இப்படிப் பேசுவானா? ஏடு விஷயம் எப்படி வெளியே போயிற்று என்றால், ரோஸ்விதா எழுதும்போதே எட்டிப் பார்த்திருந்த ஹெர் டீட்ஸ தாமே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், இரண்டு மணி நேரம் வானிலை பார்த்தவன் என்று.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் அங்கே இருந்தேன். சொல்லிவைத்துப் போகவில்லை, சும்மா போனேன். ரோஸ்விதா கோட்டைக் கழற்றவில்லை. அதைப் பார்த்ததுமே நான் தொடங்கினேன்.

"ரோஸ்விதா, பதினாலு மாசம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். ஒரு கடவுச்சொல்தானே, அடிச்சுட்டு உட்காருங்க. நீங்க மாட்டேன்னா வேற ஆள் வந்து அடிக்கப்போறான்."

"அடிக்கட்டும். அவன் அடிச்சதா இருக்கும், நான் அடிச்சதா இருக்காது."

"வாடகைக்கு என்ன செய்வீங்க?"

"ரயிலடிப் பக்கத்துப் பேக்கரியில காலை நேரத்துக்கு ஆள் கேட்டாங்க. நாலரை மணிக்குப் போகணும். நான் எப்படியும் சீக்கிரம் எழுந்துக்கறவதான்."

நான் பிடிவாதக்காரி. இன்னும் இரண்டு தடவை சொன்னேன். அவள் என்னைவிடப் பிடிவாதக்காரி. கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எட்டேகாலுக்கு அந்த ஆள் வர்றான். பத்து நிமிஷம் இருக்கு. கேட்க வேண்டியது ஏதாவது இருந்தா இப்பக் கேளுங்க."

இருந்தது. ரொம்ப நாளாக இருந்தது. இனி யாரிடம் கேட்பேன்? கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தட்டினாள். வந்ததை முழுக்கப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு விதமாகச் சொன்னாள். "பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா தள்ளிப் போடாதீங்க" என்றாள். பிறகு பெட்டியை மூடினாள்.

சாவிகளை மேசைமேல் வைத்தாள். தன் கோப்பையைக் கழுவித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஹெர் பென்னெவிட்ஸ் வந்து சாவிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஃப்ராவ் க்ளெம், யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

அவர் கைகொடுத்தார். அவளும் கொடுத்தாள். அப்போது பெட்டிகளோடு அந்த ஆள் நடைபாதையில் வந்தான். தள்ளுவண்டி வாசல் மேட்டில் இடித்து நின்றது, கதவு அவன் முதுகில் வந்து மோதியது. ரோஸ்விதா போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். வண்டி உள்ளே வரும்வரை பிடித்திருந்தாள். அவன் நன்றி சொன்னான். "பரவாயில்ல" என்றாள். கதவை விட்டுவிட்டு வெளியே போனாள்.